பதினாறு வாரப் பாடம்

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியர் என்ற முறையில் இலக்கியம் பற்றியே எழுத எண்ணினோம். ஆயினும் எம் மாணவன் ஒருவன் எமக்குக் கற்பித்த பாடம் நினைவில் முந்திக்கொண்டு நின்றது. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஒருகொடவத்தைச் சந்தியில் கொள்கலன் வண்டிகளின் இரைச்சல் இரவிலும் ஓய்வதில்லை. அங்கே பகலெல்லாம் சுமை ஏற்றி இறக்கி, மாலையில் தேகப்பயிற்சி செய்யும் அப்பழைய மாணவன் ஒருநாள் எம் இல்லத்துக்கு வந்தான். "சேர், உடற்கட்டழகர் போட்டிக்கு நிற்கப்போகிறேன். கணக்கெழுதி வைத்து என்னைக் கண்டிக்க ஒருவர் வேண்டும்" என்றான். இலக்கணத்துக்கும் இறைச்சிக் கணக்குக்கும் என்ன தொடர்பு என்று நகைத்தோம். எனினும் வகுப்புக்கு என்றும் பிந்தி வந்தவன் தானே ஒழுங்கை நாடி வந்தமையால் மறுக்க மனம் வரவில்லை.

போட்டிக்கு ஆயத்தம் என்றால் உடம்பைப் பெருக்குதலே என்று எண்ணியிருந்தோம். அஃது தவறு. பெருக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் முன்னரே நடந்திருத்தல் வேண்டும். இறுதி மாதங்களின் வேலையோ குறைத்தல். தசையை இழவாமல், அதனை மூடிய கொழுப்பை மட்டும் அகற்றுதல். அவன் எடை 83 கிலோ. நிற்க விரும்பியது 75 கிலோப் பிரிவு. கையில் இருந்தது 16 வாரம். ஆகவே வாரத்துக்கு அரைக் கிலோ. உடல் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் ஒரு வாரத்தில் குறைத்தால் தசையும் உடன் கரையக்கூடும். "மிகைச் சொல்லை வெட்டு, பொருளை வெட்டாதே என்று சொல்வீர்களே சேர், இதுவும் அதுதான்" என்றான். அன்றே யாம் மாணவரானோம்.

நாடோறும் விடியலில் வெறும் வயிற்றோடு அவன் எடை பார்ப்பான்; ஏழு நாளின் சராசரியை யாம் கொப்பியில் எழுதுவோம். ஒரு நாள் எடையை நம்பலாகாது. உப்பும் நீரும் அதனைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். புரதம் நாளொன்றுக்கு 160 கிராமுக்குக் குறையக்கூடாது. மரக்கறி உணவினராகிய யாம் சூரை மீனுக்கும் முட்டைக்கும் கணக்கு வைப்பதைக் கண்டு எம் இல்லாள் சிரித்தாள். அவனோ கொத்துரொட்டிக் கடையின் தகட்டோசை கேட்கும் தெருவழியே தலைகுனிந்து நடந்தான்.

பின்னர் மேடைப் பயிற்சி. நடுவர் முன் காட்டவேண்டிய கட்டாய நிலைகள் ஏழு. கைகளை மடக்கிப் புயங்காட்டும்போது கால்கள் தளர்ந்துவிடும். "காலை மறந்தாய்" என்று எத்தனை முறை சொல்லியிருப்போம்! நாடக ஒத்திகையிற் கண்ட பிழையே இங்கும் இருந்தது.

இத்துறையின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். 1901ஆம் ஆண்டில் இலண்டன் அல்பேட் மண்டபத்தில் சாண்டோ நடத்திய பெரும் போட்டியில், தசையின் அளவு மட்டுமன்றி உடலின் சமநிலையும் பொது ஆரோக்கியமும் மதிப்பிடப்பட்டன. 1952இல் உலக ஆணழகன் பட்டம் பெற்ற வங்காளத்து மனோகர் ஐச் ஐந்தடிக்கும் குறைந்த உயரத்தினர். சிறையிலிருந்த காலத்தும் பயிற்சியை விடாதவர். 2016இல் மறைந்தபோது வயது 104.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் அவன் ஒரு சிறு பொட்டலத்தை எம் மேசைமேல் வைத்தான். உடலின் நீரை வெளியேற்றும் மாத்திரைகள். உடன் பயில்பவன் ஒருவன் கொடுத்தவை. தண்ணீரையும் நிறுத்தினால் தோல் தசையோடு ஒட்டி வரிகள் துலங்குமாம். யாம் மருத்துவர் அல்லோம், அறிந்ததைச் சொன்னோம். தசையில் ஏறத்தாழ முக்காற்பங்கு நீரே. அது வற்றினால் தசையும் சுருங்கும். குருதியின் உப்புச் சமநிலை குலைந்தால் இதயத் துடிப்பும் குலையும். 1992இல் முகம்மது பெனசிசா என்னும் பெருவீரர் ஒல்லாந்தில் வெற்றி பெற்ற சில மணி நேரத்துள் இறந்ததையும் கூறினோம்.

"மற்றவர்கள் எடுத்தால், சேர்?" என்றான்.

அதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. "உன் தாய்க்கு நீ ஒருவனே" என்று மட்டும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்து, பொட்டலத்தை அங்கேயே விட்டு எழுந்து சென்றான்.

போட்டியில் அவனுக்கு நான்காம் இடம். முன்னின்ற மூவர் உடலிலும் வரிகள் இன்னும் துலக்கமாயிருந்தன. அவர்கள் அதனை எவ்வழியாற் பெற்றனர் என்பதை யாம் அறியோம்; அறியாது பழித்தல் முறையன்று. ஆயினும் எம் சொல்லால் ஒரு பரிசை இழந்தானோ என்னும் ஐயம் எம்மை நெடுநாள் வருத்தியது. அவனோ வெளியில் வந்து இரண்டு செவ்விளநீர் குடித்துவிட்டு, "நாளைக்கு வேலைக்குப் போகலாம், சேர்" என்று சிரித்தான்.

அக்கொப்பி இன்று எம் மாணவரின் கட்டுரைக் கொப்பிகளோடு இருக்கிறது. அதன் இறுதிப் பக்கத்தை அவனே எழுதினான்: "எடை 75 கிலோ. தண்ணீர் குடித்தேன். மாத்திரை எடுக்கவில்லை." அதில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.