நின்றவர்களின் பெயர்

திண்டுக்கல் பக்கத்து எங்கள் அய்யம்பாளையத்தில் தென்னந்தோப்பைத் தாண்டி நிமிர்ந்தால் பழனிமலை. தோப்பில் விழும் மட்டை இங்கே கிடுகாகிறது, ஈர்க்கு விளக்குமாறாகிறது. சுவாமிமலையிலோ தென்னை ஓலைதான் சாமிக்கு அளவுகோல். வார்க்கப்போகும் விக்கிரகத்தின் உயரத்துக்கு ஓர் ஓலை நறுக்கை வெட்டி, தாளம் என்ற சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்துக் குறி வைத்துக்கொள்வார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று ஸ்தபதி பார்ப்பது அந்த மடிப்புகளைத்தான். எதிரே ஆள் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பிறகு தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, மேலே வண்டல் மண் பூசிக் காயவைத்து, சூடுகாட்டி மெழுகை வடித்துவிட்டு, அது இருந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். மெழுகு போனால்தான் சாமி வரும்.

சென்னை ஓவியப் பள்ளியில் ஓலைக்குப் பதில் உடம்பு. 1929இல் அதன் பொறுப்பேற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நரம்பும் தசையும் முறுக்கேறிய மனித உடலை நேரில் பார்த்துப் பார்த்து வடித்தவர். மெரினாவில் 1959இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. பாறையை நெம்பும் அந்த நால்வருக்காகப் பள்ளியின் இரவுக் காவலாளி சீனிவாசனும், ராமு என்பவரும் மாடலாக நின்றதாகச் சொல்வார்கள். நெம்புகோலைப் பிடித்தபடி அசையாமல் நிற்பது பாறையைப் புரட்டுவதைவிடக் கடினம் என்றே நினைக்கிறேன். உழைப்புக்கு எடுத்த சிலைக்குள்ளேயே இன்னொரு உழைப்பு இருக்கிறது. கடற்கரைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தெரியாமலிருப்பதுகூடப் பரவாயில்லை, மறைக்க வேண்டியிருப்பது கொடுமை. மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் மாணவர்கள் வரைய ஆடையின்றி நிற்கும் ஒரு தாயைப் பற்றி ரவி ஜாதவ் மராத்தியில் ‘நியூட்’ என்று ஒரு படம் எடுத்தார். அந்தத் தாய் தன் வேலையைப் பெற்ற மகனிடமே சொல்ல முடியாமல் தவிக்கிறாள். 2017 கோவா திரைப்பட விழாவில் தேர்வான அந்தப் படத்தைக் கடைசி நேரத்தில் நீக்கினார்கள்.

விருப்பம் கேட்காமல் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. இதே பழனிமலையின் பளியர் பழங்குடிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வந்த தம் ஏழு தொகுதி நூலில் எழுதினார். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்து மனிதர்களை வகைப்படுத்தியவர் அவர். அந்தக் காலத்து ஒளிப்படங்களில் ஆள் இருப்பார், பெயர் இருக்காது. சாதிக்கோ குடிக்கோ ஒரு மாதிரி, அவ்வளவுதான். பெங்களூரு கலைஞர் புஷ்பமாலா, ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த தென்னிந்தியப் பெண்கள் ஒளிப்பட வரிசையில் அத்தகைய அளவீட்டுப் படங்களைத் திரும்ப அமைத்தார். கட்டம் போட்ட திரைக்கு முன்னால் தானே போய் நின்றார். ரவிவர்மா ஓவியத்துப் பெண்ணாகவும் அவரே நின்றார். மாடலும் அவர், கலைஞரும் அவர். நம் காலத்துக் கலையில் இதைவிட நேர்மையான பதிலை நான் கண்டதில்லை.

எங்கள் திண்டுக்கல் பக்கத்து வேளார்களின் மண் வேலையில் இன்னொரு நியாயம். கால் நோய் தீர்ந்தவர் மண்ணில் கால் செய்து வைப்பார். பிள்ளை வரம் கேட்டவர் மண் பிள்ளையை வைப்பார். வைத்தவருடைய உடம்புதான் அந்த உருவம், செய்நேர்த்தி இரண்டாம் பட்சம். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் அதே கால் வெறும் ‘சுடுமண், தமிழ்நாடு’ ஆகிவிடுகிறது. யார் கால் என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை.

இப்போது கணினிக்கும் மாடல் வந்துவிட்டது. கோடிக்கணக்கான படங்களைத் தின்று, கேட்டதும் ஒரு முகத்தை வரைந்து கொடுக்கிறது. எந்தெந்த முகங்களிலிருந்து அது எடுக்கப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. தர்ஸ்டன் காலத்து வழக்கம் வேறு வேகத்தில் நடக்கிறது.

ஓவியக் கண்காட்சி வைப்பவர்களுக்கும் கலைக்கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். படத்துக்குக் கீழே கலைஞர் பெயர், ஆண்டு, அளவு எல்லாம் எழுதுகிறீர்கள். நின்றவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஒரு வரியில் எழுதுங்கள். மணிக்கணக்காக நிற்பதற்கு உரிய கூலியையும் கொடுங்கள்.