மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?



மரத்தை வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணினி உலகில் எப்போதும் அப்படி நடப்பதில்லை. அதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

நிலப்படம் வரைவதற்குக் கியூஜிஐஎஸ் என்றொரு மென்பொருள் உண்டு. 2002-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் அதைத் தொடங்கினார். விலை கிடையாது. அதன் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். பொத்தான் துளை போடத் தையல் இயந்திரத்தில் ஒரு துணைப்பாகத்தை மாட்டுகிறோம் அல்லவா? அதுபோல, பைத்தான் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி இந்த மென்பொருளில் பொருத்தலாம். அதற்குச் செருகுநிரல் என்று பெயர்.

நானும் ஒன்று எழுதியிருக்கிறேன். கோயில் நிலம், பள்ளி நிலம், மயானம் என்று படத்தில் வரைந்துவிட்டால், ஒவ்வொன்றின் பரப்பையும் ஏக்கரில் பட்டியலாகத் தரும். ஹெக்டரைவிட ஏக்கர்தானே நம் வாயில் வருகிறது! எழுத இரண்டு வாரம் ஆயிற்று. பராமரிப்பு வேலையோ பத்தாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். 2018 பிப்ரவரியில் கியூஜிஐஎஸ் மூன்றாம் பதிப்பு வந்தது. பைத்தானும் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறிற்று. பழைய பைத்தானில் ‘பிரிண்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. புதியதில் அது இல்லாவிட்டால் நிரல் ஓடாது. கியூஜிஐஎஸ்ஸின் சொந்தக் கட்டளைகள் பலவும் பெயர் மாறின. எந்தப் பதிப்புக்கு உரியது என்று குறிக்கும் கோப்பு ஒன்று ஒவ்வொரு செருகுநிரலிலும் இருக்கும். இரண்டாம் பதிப்புக்கென்று மட்டும் குறித்தவை புதிய பட்டியலில் தென்படவே இல்லை. திருத்த ஆளில்லாமல் பல நல்ல செருகுநிரல்கள் அத்தோடு நின்றுபோயின.

எழுதியவர்களைக் குறை சொல்லலாமா? பலர் கூலி வாங்காமல், வேலை முடிந்த இரவுகளில் எழுதியவர்கள். ஒருவருக்கு வேலை மாறும்; ஒருவருக்குக் குழந்தை பிறக்கும்; ஒருவர் காலமாகிவிடுவார். ஆனால் நிரல் திறந்தே இருப்பதால், முகம் தெரியாத வேறொருவர் அதை எடுத்துச் சரிசெய்யலாம். உரிமமே அதற்கு இடம் தருகிறது.

கித்தா மரம் வளர்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கன்று நடுவது ஒரு நாள் வேலை. களையெடுத்து, உரமிட்டு, ஆறேழு ஆண்டு காத்தால்தான் பால்.

தோட்டம் கைமாறும் நாளில் மயானம் எத்தனை ஏக்கர் என்று கேட்டால், நம்மிடம் ஒரு கணக்கு இருக்கவேண்டும். கணக்கிடும் கருவி அன்றைக்குப் பார்த்து நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் நான் இன்னும் என் நிரலைப் பார்த்து வருகிறேன்.

உங்கள் வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால், புதிதாக ஒன்று செய் என்று மட்டும் சொல்லாதீர்கள். யாரோ விட்டுச் சென்ற ஒன்றை எடுத்துத் திருத்தவும் சொல்லுங்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். ‘ஓடவில்லை’ என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எந்தப் பதிப்பு, எதை அழுத்தினீர்கள், திரையில் என்ன வந்தது என்று விவரமாக எழுதி அனுப்புங்கள். அதுவும் ஒரு குடம் தண்ணீர்தான்.