வளைந்த பின்னை நிமிர்த்தலாம்... ஒடிந்தால்?

செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்கும்போது ஹார்டு டிஸ்க் எவ்வளவு, ரேம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணும் பார்க்கவில்லை. அம்மா பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணத்தில், கடலூரில் ஒரு கடையில் பழைய ஹெச்110 மதர்போர்டு வாங்கினார். சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடி இல்லை. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். மடியில் வைத்தபடி பஸ்ஸில் ஊர் வந்து, பிராசஸரைப் பொருத்தி ஆன் செய்தால் ஃபேன் சுற்றியது. திரையில் எதுவும் வரவில்லை. மறுபடி கழற்றி, மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். வரிசையாக ஒரே பக்கம் சாய்ந்து நிற்கவேண்டிய பின்களில் நான்கு மட்டும் வேறு திசையில் திரும்பியிருந்தன.

கடைக்கு போன் செய்தார். "குடுக்கும்போது நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார்கள். வளைந்தது கடையிலா, பஸ்ஸிலா, பொருத்தும்போதா? நிரூபிக்க ஒரு போட்டோகூட இல்லை.

முன்பெல்லாம் பின்கள் பிராசஸரின் அடியில் இருந்தன. 2004-ல் இன்டெல், எல்.ஜி.ஏ.775 வகையில் அவற்றை மதர்போர்டு பக்கம் கொண்டுவந்தது. சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்களில் ஏ.எம்.டி-யும் 2022-ல் ஏ.எம்.5 சாக்கெட்டில் அதே வழிக்கு வந்தது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ. பெயரில் உள்ள எண்தான் பின்களின் எண்ணிக்கை. ஹெச்110 போர்டில் இருப்பது எல்.ஜி.ஏ.1151. அதாவது, 1,151 குட்டி ஸ்பிரிங்குகள். விரல் பட்டாலே வளையும்.

எல்லாப் பின்னுக்கும் ஒரே வேலை கிடையாது. சிலவற்றில் மின்சாரம் போகும்; சில ரேமோடு பேசும்; சில கிராஃபிக்ஸ் கார்டோடு. அதனால்தான் ஒரு பின் கெட்டால் ஒரு ரேம் ஸ்லாட் மட்டும் வேலை செய்யாமல் போவதும் உண்டு; மொத்த போர்டும் எழாமல் போவதும் உண்டு. இரண்டு பின்கள் ஒட்டிக்கொண்ட நிலையில் ஆன் செய்தால், ஷார்ட் ஆகி பிராசஸரும் போய்விடலாம்.

கரன்ட் வயரைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியைக் கழற்றிய பிறகே அம்மாவும் மகளும் வேலையைத் தொடங்கினார்கள். மகள் மொபைல் கேமராவை ஜூம் செய்து பிடிக்க, ஊசியில் நூல் கோத்துப் பழகிய அம்மாவின் கை வேலை செய்தது. லெட் எடுத்த 0.5 மி.மீ. மைக்ரோடிப் பென்சிலின் முனையைப் பின்னின் தலையில் மாட்டி, ஒரேயடியாக இழுக்காமல் துளித்துளியாகத் திருப்பினார். ஒவ்வொரு அசைவுக்கும் பக்கத்துப் பின்னோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆனது.

கம்ப்யூட்டர் ஓடியது. ஆனால், இரண்டு ரேம் ஸ்லாட்டுகளில் ஒன்று மட்டுமே வேலை செய்தது. மறுபடி திறந்து பார்க்கலாம் என்றாள் மகள். அம்மா பென்சிலை எடுத்து வைத்துவிட்டார்: "திரும்பத் திரும்ப மடிச்சா கம்பி விட்டுடும்மா. ஒண்ணுல ஓடுதுல்ல, போதும்."

அம்மா சொன்னது சரி. உலோகம் சில வளைவுகளைத்தான் தாங்கும். ஒடிந்த பின்னை வீட்டில் ஒட்டவைக்க முடியாது. பல நேரங்களில் சாக்கெட்டையே மாற்றவேண்டி வரும். அதற்கான செலவில் வேறொரு பழைய போர்டே வாங்கிவிடலாம். ஒரே ஸ்லாட்டில் 8 ஜிபி ரேம் போட்டால் வேகம் கொஞ்சம் குறையும். படிப்பு வேலைக்கு அது தாராளம்.

பழைய போர்டு வாங்கப்போகிறீர்களா? கடையிலேயே சாக்கெட்டைத் திறக்கச் சொல்லுங்கள். டார்ச் வெளிச்சத்தை நான்கு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். பின்கள் கோடு போட்டதுபோல வரிசையாக மின்ன வேண்டும். எல்லா ரேம் ஸ்லாட்டையும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியில் கடைக்காரர் முன்பாகவே சாக்கெட்டை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, மூடி போட்டு வாங்குங்கள். நாளைக்குப் பேச்சு வந்தால் உங்களுக்கும் சாட்சி, அவருக்கும் சாட்சி.