மேடுபள்ளத்தில் ஒரு சுமை

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில், மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில், களிமண் மூட்டைகளை ஆளுயரத்துக்குத் தூக்கியவாறே குண்டும் குழியுமான முற்றத்தில் திரும்பிய ஃபோர்க்லிஃப்டின் பின்சக்கரம் நாலு விரற்கடை எழும்பி மீண்டும் அமர்ந்த அந்தக் கணம் இன்னும் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. முன்சக்கரங்கள் இரண்டையும் பின்னச்சின் மத்தியையும் இணைக்கும் முக்கோணத்துக்குள் பாரமையம் நிற்கும் வரையில்தான் அவ்வண்டிக்கு ஸ்திரம் உண்டு. சுமை உயர உயர, பாரமையத்தை அம்முக்கோணத்துக்கு வெளியே தள்ள ஒரு சிறு பள்ளமே போதும். சிமெண்டுத் தரைக்கென்று செய்த கெட்டி டயர் வண்டியை ஈரமண்ணில் இறக்குவதே பிசகு என்பது என் திடமான அபிப்பிராயம். சுமையை ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்தி, முன்தூணைப் பின்னே சாய்த்து, சரிவில் சுமை மேட்டுப்பக்கம் இருக்க, திரும்பாமல் நேரே செல்லுங்கள். தம்பிமாரே, பெல்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி சாய்ந்தால் தயவுசெய்து குதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை இறுகப் பற்றி, சாயும் திசைக்கு எதிர்ப்புறம் உடலைச் சாய்த்து உட்கார்ந்தே இருங்கள்.