என் நாட்காட்டிக்கு இடமாற்றம்

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு இடமாற்றம் புதிதல்ல. இப்போது என் நாட்காட்டிக்கே ஒரு இடமாற்றம் போட்டுவிட்டேன், மேசைக் கணினியிலிருந்து இணையத்துக்கு.

பல வருடங்களாக மோசில்லாவின் சன்பேர்ட் என்ற இலவச நிரலில்தான் எல்லாவற்றையும் குறித்து வந்தேன். சொத்து வரி, ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றிதழ், மனைவிக்குக் கண்ணில் போடும் ஊசி, எல்லாம் அதில் இருந்தன. 2010-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பு வரவில்லை. ஆனாலும் என் கணினியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் நானும் மாற்றவில்லை.

சென்ற வருடம் ஒரு வாரம் மருத்துவமனையில் படுத்துவிட்டேன். "அடுத்த ஊசி என்றைக்குங்க?" என்று மனைவி கேட்டபோது, மருந்து மயக்கத்தில் எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை. தேதி கணினிக்குள் இருந்தது. கணினியின் கடவுச்சொல் என் தலைக்குள் இருந்தது.

வீடு திரும்பியதும் கூகுள் காலண்டருக்கு மாறினேன். சன்பேர்டில் எல்லாவற்றையும் ஐசிஎஸ் என்ற ஒரே கோப்பாக எடுக்கலாம். அதை இங்கே ஏற்றினால் குறிப்புகள் வந்து உட்கார்ந்துவிடும். ஏற்றும் வேலையை மட்டும் கைப்பேசிச் செயலியில் செய்ய முடியாது, கணினியில்தான் செய்ய வேண்டும்.

பிறகு அதை பாரிசில் இருக்கும் மகளோடு பகிர்ந்துகொண்டேன். பார்க்க மட்டும் அனுமதிக்கலாம், திருத்தவும் அனுமதிக்கலாம். நான் திருத்தவே அனுமதி கொடுத்தேன். அவள் திரையில் அதன் பெயர் கூகுள் அஜான்தா. குகை அல்ல! அஜெண்டா என்றால் அலுவலகத்தில் கூட்டத்தின் பொருள் பட்டியல். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது முதலில் நாட்குறிப்பேடுதான்.

இன்னொரு வசதியும் உண்டு. பாரிசுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். மகள் ஞாயிறு மதியம் 2 மணிக்குப் பேசுவாள். அதை பாரிஸ் நேரமாகவே பதிந்துவிட்டதால், மார்ச்சிலும் அக்டோபரிலும் அங்கே கடிகாரத்தை மாற்றும்போது நம் பக்கம் 5.30, 6.30 என்று தானே மாறிக்கொள்கிறது.

ஒன்று மட்டும் அதனிடம் நடக்கவில்லை. அப்பாவின் திதியை "ஆண்டுதோறும்" என்று போட முடியாது. திதி ஆங்கிலத் தேதிக்குக் கட்டுப்படாது. வருடா வருடம் பஞ்சாங்கம் பார்த்துக் கையால்தான் பதிய வேண்டும். எப்படிப் பார்ப்பது என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறேன்.

அலுவலகத்தில் மாற்றல் உத்தரவு வந்த பிறகுதான் கோப்புப் பட்டியல், சாவி எல்லாம் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைப்போம். வீட்டில் அந்த உத்தரவு முன்கூட்டியே வராது. என் வயது நண்பர்கள் இதை நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். இணையம் ஒத்துவராதவர்கள் ஒரு நோட்டில் எழுதி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்தாலும் போதும்.