திருவனந்தபுரத்தில் நான் தவறவிட்ட படங்கள்!

திருவனந்தபுரம் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே பஸ் ஸ்டாண்ட். பக்கத்தில், செங்கல் நிறத்தில் சுற்றிச் சுற்றி மேலே ஏறும் ஒரு கோபுரம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸ். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கைரளி, ஶ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். டிசம்பரில் ஒரு வாரம், இந்தத் தம்பானூர் பகுதியில் யாரைப் பார்த்தாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். கேரள சர்வதேசத் திரைப்பட விழா!

2024 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. கனகக்குன்றில் இருக்கும் நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் 29-வது விழா தொடங்கியது. தொடக்கப் படம், பிரேசில் இயக்குநர் வால்டர் சாலஸின் 'ஐ'ம் ஸ்டில் ஹியர்'. அந்த மாலையில் நான் எங்கே இருந்தேன்? சென்னை எழும்பூரில், கையில் வாட்டர் பாட்டிலோடு அனந்தபுரி எக்ஸ்பிரஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஷிஃப்ட் முடிந்துதானே கிளம்ப முடியும்!

அப்படித் தவறவிட்டது சாதாரணப் படம் இல்லை. பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்த காலம். 1971-ல் முன்னாள் எம்.பி. ரூபன்ஸ் பைவாவை வீட்டிலிருந்து விசாரணைக்கு அழைத்துப் போகிறார்கள். அவர் திரும்பவே இல்லை. ஐந்து பிள்ளைகளோடு தனியாக நிற்கும் மனைவி யூனிஸ், பிறகு சட்டம் படித்து வக்கீலாகிறார். கணவர் இறந்துவிட்டார் என்ற சான்றிதழைக் கையில் வாங்க அவருக்கு 1996 வரை ஆனது. உண்மைக் கதை. யூனிஸாக நடித்தவர் ஃபெர்னாண்டா டோரஸ். வயதான யூனிஸாக வருபவர், அவருடைய சொந்த அம்மா ஃபெர்னாண்டா மான்டினேக்ரோ.

2025 மார்ச்சில் அந்தப் படம் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. பிரேசிலுக்கு இந்தப் பிரிவில் அதுதான் முதல் ஆஸ்கர். அந்தச் செய்தியை எங்கள் டெஸ்க்கில் டைப் செய்தது நான்தான். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலை ரயில் திருநெல்வேலியில் நின்றபோது, அம்மா பிளாட்பாரத்தில் இட்லிப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். "ஏட்டி, நானும் ஏறிக்கிடவா?" என்றாள். "உனக்கு அங்க என்ன புரியும்? எல்லாம் வெளிநாட்டுப் படம்" என்று சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். ரயில் கிளம்பிவிட்டது.

இரண்டாவது படத்தைத் தவறவிட்டதற்குக் காரணம் மசால் தோசை. காபி ஹவுஸின் சாய்வுப் பாதையில் ஏறி உட்கார்ந்து, பீட்ரூட் போட்ட அந்தச் சிவப்பு மசாலாவை ரசித்துச் சாப்பிட்டதில், முன்பதிவு செய்திருந்த ஷோவுக்கு நேரம் கடந்துவிட்டது. அதற்காகப் பெரிதாக வருத்தமில்லை. தோசை அப்படி!

மூன்றாவதுதான் இன்னும் உறுத்துகிறது. 'மாலு' என்ற படம் என் பட்டியலில் இருந்தது. இயக்குநர் பெயர் பெட்ரோ ஃப்ரெய்ரே. கேள்விப்பட்டதே இல்லை. அடித்துவிட்டேன். அதற்குப் பதில் ஒரு பெரிய இயக்குநரின் படத்துக்கு டாகூர் தியேட்டர் வரிசையில் ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றேன். இங்கே வரிசை ஒன்றும் புதிதில்லை. கொரிய இயக்குநர் கிம் கி டுக் 2013-ல் வந்தபோது, சூப்பர் ஸ்டாரைச் சூழ்வதுபோல் அவரைச் சூழ்ந்த ஊர் இது. எனக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போது அரங்கம் நிறைந்துவிட்டது.

அந்த வரிசையில்தான் நாகர்கோவிலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேச்சுக்கொடுத்தார். வருஷா வருஷம் வருகிறாராம். "மாலு பாத்தியா மக்களே?" என்றார். இல்லை என்றேன். ரியோ நகரில் ஓட்டைக் கூரை வீடு. வேலை இல்லாத ஒரு நடிகை, அவளுடைய கட்டுப்பெட்டியான அம்மா, எப்போதாவது வந்துபோகும் மகள். மூன்று பேரும் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். விட்டுவிடவும் முடியவில்லை. இயக்குநர் தன் சொந்த அம்மாவை நினைத்து எடுத்த படம்.

"படம் முடிஞ்சு வெளிய வந்ததும் அம்மாகிட்ட பேசணும்னு போனை எடுத்துட்டேன். நம்பரையும் தேடுகேன். அவ போய் ஆறு வருஷமாச்சு" என்றார். பிறகு, "இன்னொரு தடவை போடுவாவ. விட்டுராத" என்றார். எனக்கு அன்று இரவே ரயில்.

அடுத்த வெள்ளிக்கிழமை, விழாவின் உயரிய விருதான சுவர்ண சகோரமும் 20 லட்சம் ரூபாயும் 'மாலு'வுக்குக் கிடைத்தன. காவியங்களில் நிலவொளியைக் குடித்து வாழுமே, அந்தச் சகோரம். விருதின் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் தங்கச் செம்போத்து என்று வரும். செம்போத்து எங்கள் ஊர்ப் புளியமரத்திலும் கூவும்.

இந்த விழாவின் போட்டிப் பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் படங்களுக்கானது. அதில் பாதிப் படங்கள் நம் ஊர் தியேட்டருக்கு வரப்போவதே இல்லை. பெயர் தெரியாத இயக்குநரின் படத்துக்கு முதலில் போங்கள். பெரிய பெயர்கள் எப்படியும் ஏதாவது ஓ.டி.டி-யில் வந்து நிற்பார்கள்.

விருதுச் செய்தி வந்த இரவு அம்மாவுக்கு போன் செய்து 'மாலு' கதையைச் சொன்னேன். பாட்டிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருப்பாள்போல. "நம்ம வீட்டுக் கதையில்லா இது" என்று பின்னாலிருந்து பாட்டியின் குரல் வந்தது. அடுத்த டிசம்பருக்கு ரெண்டு பாஸ் எடுக்கப்போகிறேன் என்றேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "வரிசையில நிக்கையில இட்லி திங்க விடுவாவளா?"