எண்ணாமல் எண்ணுதல்

தமிழாசிரியனுக்கு வேதியியல் வகுப்பில் என்ன வேலை? சக ஆசிரிய நண்பர் அழைத்தார், சென்றேன்.

மாணவர்கள் நூறு பச்சைப்பயறும் நூறு கொண்டைக்கடலையும் எண்ணித் தராசில் நிறுத்தனர். எடை விகிதம் கிட்டியது. அதன்பின் எண்ணும் வேலையில்லை; அதே விகிதத்தில் நிறுத்த இரு குவியல்களிலும் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். (ஒரு படியில் எத்தனை நெல் என்று பார்த்த கணக்கதிகாரத்துக்கு இது புதிதன்று!)

அடுத்து 18 கிராம் நீர், 58.5 கிராம் உப்பு, 342 கிராம் சர்க்கரை. ஒவ்வொன்றும் ஒரு மோல். 2019இல் 6.02214076 × 10²³ என நிலைநிறுத்தப்பட்ட அவ்வெண்ணை ஒப்பிக்க மட்டுமே அறிந்த மாணவி, குவளையின் அடியில் கிடந்த நீரைப் பார்த்து, "இவ்வளவுதானா ஐயா?" என்றாள்.

வேதியியலைக் கைவிடுவதாகச் சொல்லிவந்தவள் அவள். மறுநாள், "தங்கம் ஒரு மோல் எவ்வளவு?" என்று கேட்டாளாம். 197 கிராம், ஏறத்தாழ 25 பவுன்!